கெளுத்திக் குழம்பு

தகரக் கதவு படாரென்று திறந்தது. கணவனின் உடல் கிடைத்துவிட்டதோ என்று பூவாயி பதறி எழுந்தாள். வந்தவன் கொழுந்தன் வடமலை. அவன் கையில் இரண்டு கெளுத்திகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“தேடித் தேடிப் பசி உசுரு போகுது அண்ணி. இதைக் கொழம்பு வைங்க.”

பரிசல் கவிழ்ந்து அண்ணன் மூழ்கியதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் சொல்லை நம்பித்தான் மீனவர் தெருவே ஆற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறது. கெளுத்தி பிணம் தின்னும் மீன். ஆற்றோடு போனவர் கரை சேரும்வரை அந்தத் தெருவில் எந்த அடுப்பிலும் அது ஏறாது.

பூவாயி மீனை ஆய்ந்தாள். அறுத்த பிறகும் மீசைகள் அசைந்தன. வயிற்றைக் கிழித்து, கணவனின் மோதிரம் வந்துவிடுமோ என்று விரலால் துழாவினாள். பாசிதான் வந்தது.

வடமலை மீன் தலையை உறிஞ்சித் தின்றான். “உப்பு தூக்கலா இருக்கு. அழுதுகிட்டே வச்சீங்களா?” என்று சிரித்தான்.

பூவாயி இன்னும் ஓர் அகப்பை குழம்பை ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

“தம்பி, உங்க அண்ணன் ஆத்துல இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”