அடிநூல்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தையல் மிஷின் மேல் விழுகிறது. சக்கரத்தில் கறுப்பு தேய்ந்து இரும்பு மின்னுகிற இடம், அம்மாவின் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய அன்று, எண்ணெய்ச் சாக்கில் சுற்றிக் கோழிக்கூண்டுக்கு அடியில் நாங்கள் புதைத்த மிஷின் இது. இடுக்குகளில் எங்கள் வீட்டுச் செம்மண் இன்னும் காய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் கடையில் உட்கார்ந்து அதை மிதிக்கிறார். கடகடவென்று ஓடுகிறது, தையல் மட்டும் விழவில்லை. "ஏலத்துல எடுத்தேம்மா. உங்களோடத பட்டாளம்தான் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த முகத்தில் வியர்வை வழிகிறது. "அடிநூல் மாட்டுற பாபின் கேஸ் இல்ல. ரொம்பப் பழைய மாடல், வேற எதுவும் சேர மாட்டேங்குது. உங்க வீட்டு இடிபாட்டுல எங்கயாவது கிடந்தா பாத்துக் குடும்மா." அன்று குழியில் மண்ணைத் தள்ளுமுன் அம்மா அந்த பாபின் கேஸைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அகதி முகாமில் கண்ணை மூடுமுன் என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அவள் சுற்றிய நீல நூலோடு, இப்போதும் என் கைக்குள்தான் இருக்கிறது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை வலிக்கிறது. "தேடிப் பாக்குறேன் அண்ணே" என்கிறேன். அவர் மறுபடி மிதிக்கிறார். மேல்நூல் மறுபடி சுருண்டு சிக்குகிறது. நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். நேற்று உட்கார்ந்த இடத்திலிருந்து இவ்வளவு நன்றாகத் தெரியவில்லை.