முன்னால் வந்துவிடும் சீட்

மறுபடியும் முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் போய் இடித்தது.

சனியன் பிடித்த சீட், இந்த வாரமும் தானாக முன்னால் வந்திருந்தது. பின்னால் தள்ளிவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு, நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு விட்டேன். இன்றோடு இந்தக் காரைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவு.

ஷெட் வாசலில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு புரோக்கர் நின்றிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் இதே காரை என் தலையில் கட்டியவர். இப்போது அடிமாட்டு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார். அன்று அவர் சொன்னதில், சாவி இரண்டு உண்டு என்பது மட்டும்தான் உண்மை. ஒன்று என் பாக்கெட்டில், இன்னொன்று பீரோவில்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான். யாரைக் குறை சொல்ல?

கையெழுத்துப் போடுமுன் மெக்கானிக் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்றார் புரோக்கர். இன்னும் கொஞ்சம் விலையைக் குறைக்கத்தான், வேறெதற்கு!

மெக்கானிக்கிடம் என் புலம்பலை ஆரம்பித்தேன்.

முதல் குற்றம், நெடுஞ்சாலையில் காலை வாரிவிட்டது. நான்கு மாதத்துக்கு முன், உச்சி வெயிலில், முழுசாக நாற்பது நிமிடம் நடுவழியில் நின்ற கார் இது. இந்தக் கதையை நான் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. சொல்லும்போதெல்லாம் மனைவி தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பியது.

வாரத்தில் ஐந்து நாள் எனக்குக் கம்பெனி பஸ். சனி, ஞாயிறு மட்டும்தான் காரை எடுப்பேன். ஞாயிறு மாலை பெட்ரோல் போட்டு நிறுத்தினால், சனிக்கிழமை காலையில் கால் டேங்க் குறைந்திருக்கும். ஒழுகுகிறதா என்று தரையில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. எவ்வளவு ஓடியது என்று பார்க்கலாமென்றால், கிலோமீட்டர் மீட்டர் நான் வாங்கிய மறுநாளே உயிரை விட்டிருந்தது.

பின்னால் பார்க்கும் கண்ணாடி தானாகத் தொங்கிப்போகிறது. இரண்டு மாதத்துக்கு முன் மாற்றிய கிளட்ச் பிளேட் அதற்குள் தேய்ந்து நாறுகிறது. போதாக்குறைக்குப் பின் பம்பரில் ஒரு சிராய்ப்பு. எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர்தான் இடித்திருக்கும் என்று அவரோடு சண்டை போட்டு, பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

கார் என்றா வாங்கினேன்? பேயையல்லவா விலைகொடுத்து வாங்கியிருக்கிறேன்!

மெக்கானிக் உள்ளே ஏறி உட்கார்ந்தார். போன மாதம் அவரே மாற்றிய சீட் லாக்கைக் கையால் இழுத்தார், காலால் உதைத்தார். அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினார். அதுவும் தொங்கவில்லை. கிளட்சை நாலு தடவை மிதித்தார். இறங்கிப் போய்ப் பின் பம்பரைத் தடவிப் பார்த்தார்.

நான் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டேன். விட்டால் போதும் என்றிருந்தது. மனைவி என் பக்கத்தில், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் என்ன கவலை என்று எரிச்சலாக வந்தது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. உங்களைவிட ஒரு அடி குள்ளமா இருக்கிற யாரோ, கிளட்ச்ல வச்ச காலை எடுக்காம இதை ஓட்டிப் பழகிட்டிருக்காங்க."

புரோக்கரின் வாயிலிருந்து பல்குச்சி விழுந்தது.

எவன் அவன், என் காரை என் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துப் போகிறவன் என்று கத்த வாயைத் திறந்தேன். பீரோவில் இருக்கும் சாவி நினைவுக்கு வந்தது. திரும்பினேன். என் தோளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள் அவள்.

"ரிவர்ஸ் மட்டும் இன்னும் சரியா வரலைங்க" என்றாள், பம்பரைப் பார்த்தபடி.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எத்தனை சனிக்கிழமை, எத்தனை செலவு, எதிர்வீட்டுக்காரரிடம் எத்தனை பேச்சு! கார் வாங்கிய புதிதில் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டவளிடம், உனக்கெதற்கு இதெல்லாம் என்று சொன்னவன்தான் நான். அதையே இன்னொரு முறை, ஊர் கேட்கச் சொல்ல நினைத்தேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். இடது பக்கம், பாக்கெட் இருக்கும் இடத்தை.

கத்தும் எண்ணம் போய்விட்டது.

நெடுஞ்சாலையில் அன்று காருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நான்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டேன். இன்ஜின் ஓடுகிற காருக்குப் பக்கத்தில், அதை ஒரு அடி நகர்த்தத் தெரியாமல், அவள் நாற்பது நிமிடம் போகிற வருகிற லாரிக்கெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்துதான் எங்கள் காரை ஆஸ்பத்திரிவரை ஓட்டினார். பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது, வண்டி நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும் என்று கட்டிலில் படுத்துக்கொண்டே அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

புரோக்கர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

பேனாவை மூடினேன். சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

அவள் ஏறி, முதல் வேலையாக சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.