இன்னும் வெளிவராத ப்ராசஸர்

"வேற ஒருத்திகூடப் பழக்கம்னா எப்படிச் சண்டை போடறதுன்னு எனக்குத் தெரியும் டாக்டர். இது ஒரு ப்ராசஸர். பிஸ்கட் சைஸ்தான் இருக்குமாம். இதோட நான் எப்படி மல்லுக்கட்டறது?"

மனைவி மூச்சு விடாமல் பேசினாள். மனநல மருத்துவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கணவனைப் பார்த்தார். அவன் மேஜை மேலிருந்த டிஷ்யூப் பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான்.

"முழுசாச் சொல்லுங்கம்மா."

"கம்ப்யூட்டருக்குப் புதுசா ஒரு ப்ராசஸர் வரப்போகுதாம். அடுத்த மாசம்தான் கடைக்கே வருது. ஆனா இவர் ஆறு மாசமா அதோடதான் குடும்பம் நடத்தறார். பல் விளக்கறதுக்கு முன்னாடி அதைப் பத்தி யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சாகணும். அதை மாட்டறதுக்கு மதர்போர்டை இப்பவே வாங்கி, பீரோல என் துணிமணிக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கார். நேத்து தூக்கத்துல 'சூடே ஆகாதாம்... சூடே ஆகாதாம்'னு சிரிக்கறார். எனக்குப் பக்குனு ஆயிடுச்சு."

"இவ ஊதிப் பெருசாக்கறா சார்" என்று கணவன் வாய் திறந்தான். "கட்டடத்துக்குப் படம் போடறது என் வேலை. ஒரு வீட்டை வெளிச்சம், நிழலோட முழுப் படமா எடுக்க இப்ப ஒரு மணி நேரம் ஆகுது. புதுசுல அரை மணி நேரம்தான்."

"மிச்ச அரை மணி நேரத்துல என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"கேம் ஆடுவேன்."

"கேட்டுக்குங்க டாக்டர்!"

"அதுலயும் பிரயோஜனம் இருக்கு சார். இப்ப கேம்ல கூட்டமா ஆளுங்க வந்தா படம் திக்கித் திக்கிப் போகுது. நான் சுடறதுக்குள்ள என்னைச் சுட்டுடறாங்க. புதுசுல வழுக்கிக்கிட்டுப் போகுமாம்."

"போகுமாம், ஆகாதாம், பறக்குமாம்! எல்லாமே 'ஆம்' போட்ட சேதிதான். கண்ணால பார்த்தவங்க ஒருத்தர் கிடையாது."

மருத்துவர் பேனாவை எடுத்தார். "கேஷ் எவ்வளவுன்னு சொல்றாங்க?"

"பாதியைக் கார்டுல கட்டிட்டார் டாக்டர்" என்றாள் மனைவி.

"அவர் பணத்தைக் கேக்கலடி. ப்ராசஸருக்குள்ளயே இருக்கற மெமரியைக் கேக்கறார்." கணவனின் முகம் மலர்ந்துவிட்டது. "பழசைவிட ரெண்டு மடங்கு சார்!"

"வியாதி எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன்" என்று மருத்துவர் குறித்துக்கொண்டார்.

மனைவி கழுத்தோரம் முடியைக் கோதிவிட்டுக்கொண்டாள். பிறகு சுருதி இறங்கிய குரலில் சொன்னாள்.

"நான் முடியைப் பாதியா வெட்டிக்கிட்டு ரெண்டு வாரம் ஆச்சு டாக்டர். ஆபீஸ்ல வாட்ச்மேன்கூடக் கேட்டார். இவர் இன்னும் பார்க்கல. நாளைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறதா இருக்கேன். பெட்டி கட்டியாச்சு."

கணவன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். பின்கழுத்து பளிச்சென்று தெரிந்தது.

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா? ஒரு உண்மையைச் சொல்றேன். இந்தப் ப்ராசஸர் வந்த மறுநாளே அடுத்ததைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்ப அதுக்காகக் காத்திருப்பீங்க. கிடைக்கப்போறதையே பாத்துக்கிட்டிருந்தா கிடைச்சது கைநழுவிப் போயிடும். உங்க பழைய கம்ப்யூட்டர் ஓடுதா இல்லையா?"

"ஓடுது சார்."

"சோறு போடுதா?"

"போடுது."

"அப்புறம் என்ன? புதுசுக்கு ஆர்டர் கொடுத்திருக்கீங்களா?"

"ஆமா சார். இந்த ஊருக்கே முதல்ல ரெண்டு பீஸ்தான் வருது. ஒண்ணு கடைக்காரரோட மச்சானுக்கு. இன்னொண்ணு எனக்கு."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"போனை எடுங்க. இப்பவே, எங்க ரெண்டு பேர் முன்னாடியும் அந்த ஆர்டரை கேன்சல் பண்ணுங்க. இதுதான் மருந்து. மாத்திரை எதுவும் எழுதப்போறதில்ல."

கணவன் போனைப் பார்த்தான். மனைவியின் கழுத்தைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். பிறகு நம்பரை அழுத்தினான்.

"அண்ணே... எனக்கு அந்தப் பீஸ் வேண்டாம். ஆமா, நிஜமாத்தான். இல்லண்ணே, உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

போனை வைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான். டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தது மனைவிதான்.

"இந்த முடி உனக்கு நல்லா இருக்கு" என்றான் அவன்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். ஆனால் குரலில் கோபம் இல்லை. கைப்பையைத் திறந்தபடி எழுந்தாள். "டாக்டர், உங்க பீஸ்?"

"அது எனக்குக் கிடைச்ச மாதிரிதாம்மா. நீங்க சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

இப்படியும் ஒரு மனிதரா என்று இருவரும் கும்பிட்டார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவதைக் கண்ணாடிக் கதவு வழியாக மருத்துவர் பார்த்தார். தெருமுனையில் அவர்கள் திரும்பும் வரைக்கும் நின்றார். பிறகு அறைக்குள் வந்து, கதவைத் தாழிட்டு, போனை எடுத்தார்.

"தம்பி, டாக்டர் பேசறேன். வெயிட்டிங் லிஸ்ட்ல எனக்கு முன்னாடி இருந்தவர் இப்ப கேன்சல் பண்ணிட்டார்ல, அந்தப் பீஸை என் பேருக்கு மாத்திடுங்க... அவர் மனசு மாறித் திரும்பி வந்தாரா, ஒண்ணும் பேசாதீங்க, நேரா என்கிட்ட அனுப்பிடுங்க. இன்னொரு தடவை குணப்படுத்திடறேன்."