ஐஸ்கட்டிப் போட்டி

"என் பொண்ணோட ஐஸை யாரோ கொட்டிட்டாங்க மிஸ்!"

பள்ளிக்கூடம் விட்டு மணி அடித்து ஓயவில்லை. அதற்குள் ஒரு கையில் தெர்மாஸ் குடுவையும் மறுகையில் மகள் தீமாவுமாக இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டாள் உம்மு யஸன்.

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அபீர் மிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க உம்மு யஸன். என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? திடம், திரவம்னு பாடம் நடத்துறீங்க, சரி. உருகாம யார் ஐஸ் கொண்டு வர்றாங்கன்னு போட்டி வச்சீங்க, அதுவும் சரி. என் பொண்ணு எப்படித் தோத்தா?"

"குடுவையைத் திறந்தா உள்ள வெறும் தண்ணிதான் இருந்துச்சு. எனக்கே ஆச்சரியம்தான்."

"என் தம்பி குவைத்துல இருந்து வாங்கிட்டு வந்த தெர்மாஸ் மிஸ் இது. இன்னைக்குப் போட்ட ஐஸ் நாளைக்கும் உள்ள கடகடன்னு ஆடும். என் கையால கழுத்து வரைக்கும் போட்டு மூடி அனுப்பினேன். நம்ம ஸர்கா ஊர் வெயில்ல பழைய துணியில சுத்திக் கொண்டு வந்த பசங்களோடது நிக்குது, இதுல வச்சது உருகிடுச்சா? ஜெயிச்சுடுவான்னு என் தங்கச்சிங்களுக்கெல்லாம் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன்!"

அபீர் துடைப்பானைக் கீழே வைத்தாள்.

"உருகல" என்றாள் மெல்ல. "ஐஸ் உருகின தண்ணின்னா விரலை விட்டதும் விறைக்கும். நான் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. மொட்டைமாடித் தொட்டியில இருந்து வர்ற குழாய்த் தண்ணி."

"அதான் சொல்றேன்! ஐஸைக் கொட்டிட்டு எவளோ தண்ணி பிடிச்சு வச்சிருக்கா."

"அப்படித்தான் தோணுது. தீமாகிட்ட கேட்டேன், வாயே திறக்கல."

"யாருடி அது? பயப்படாம சொல்லு கண்ணு."

தீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன். இவ பக்கத்துல உக்கார்றது அந்த சிரியாக்காரப் பொண்ணு ரகத்துதானே? அவ என்ன கொண்டு வந்தா?"

அபீர் தயங்கினாள்.

"ஒரு பாட்டில்ல தண்ணி."

"பாத்தீங்களா! தனக்கில்லைன்னதும் என் பொண்ணோடதைக் கொட்டியிருக்கா. போனாப் போகுதுன்னு பக்கத்துல உக்கார விட்டா இதான்!"

"அவசரப்படாதீங்க. பாதி கட்டி நிக்கிற வீட்டுலதான் அவங்க குடியிருக்காங்க. ஃப்ரிட்ஜ் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்காம எல்லாரும் ஐஸ் கொண்டு வாங்கன்னு சொன்னேன் பாருங்க, தப்பு என்னோடது."

"ஃப்ரிட்ஜ் இல்லாதவங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்களா? கூப்பிடுங்க அவளை!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தீமாவுடன் சேர்ந்து வீட்டுக்குப் போவதற்காக ரகத் வாசலில்தான் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வந்தாள்.

உம்மு யஸன் மகளின் கையை விடாமலே அவள் பக்கம் குனிந்தாள்.

"தீமாவோட ஐஸை நீதானே கொட்டினே?"

ரகத் அவளைப் பார்த்தாள். பிறகு தீமாவைப் பார்த்தாள். தீமாவின் கண்கள் நிறைந்திருந்தன. மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் இறுகியிருந்தன.

"ஆமா ஆன்ட்டி. நான்தான் கொட்டினேன்."

"கேட்டுக்குங்க மிஸ்!"

"ரகத், நிஜமாவா?"

"ஆமா மிஸ்" என்ற ரகத், மறுபடியும் உம்மு யஸன் பக்கம் திரும்பினாள். "அவ கையை விட்டுடுங்க ஆன்ட்டி. வலிக்கும்."

அவ்வளவுதான். தீமா ஓவென்று அழுதுவிட்டாள்.

"பொய் சொல்றாம்மா! அவ தொடவே இல்ல. நான்தான் கொட்டினேன். நானே குழாய்ல தண்ணி பிடிச்சேன்."

"நீயா? ஏண்டி?"

"காலையில வரிசையில நிக்கும்போது எல்லாரும் அவ பாட்டிலைப் பார்த்துட்டாங்க. ஐஸ் போட்டிக்குத் தண்ணி கொண்டு வந்திருக்கா பாருன்னு சிரிச்சாங்க." விம்மலுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவகிட்ட மட்டும் தண்ணி இருந்தாத்தானேம்மா சிரிப்பாங்க? ரெண்டு பேர்கிட்ட இருந்தா?"

உம்மு யஸனின் பிடி தானாகத் தளர்ந்தது. மகளின் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அதை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். ரகத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் உடனே முடியவில்லை.

அபீர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்தது என்ன பாடம் மிஸ்?"

"நீராவி. என்ன கொண்டு வரச் சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"யாரையும் எதுவும் கொண்டு வரச் சொல்லாதீங்க. கெட்டிலை நான் கொண்டு வர்றேன். ஆவி எப்படிப் போகுதுன்னு பிள்ளைங்க பார்க்கட்டும். அந்தத் தண்ணியிலயே புதினா டீ போட்டுக் கிளாஸ்ல இருக்கிற எல்லாருக்கும் குடுத்துடலாம்."

சொல்லிவிட்டு, முழங்காலிட்டு ரகத்தின் உயரத்துக்கு இறங்கினாள்.

"உனக்குச் சக்கரை எவ்வளவு போடணும்மா?"