பொது ஹெல்மெட்

தேவிகா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. வழக்கப்படி அடுத்து அவள் செய்ய வேண்டியது, ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் நிற்பவரிடம் நீட்டுவது.

செக்காலை ரோட்டில் இருந்த அந்த பங்க்கில் 'ஹெல்மெட் இல்லையேல் பெட்ரோல் இல்லை' என்று பெரிய போர்டு உண்டு. மேலே கேமரா உண்டு. கீழே, தூணில் அடித்த ஆணியில், ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு ஹெல்மெட் உண்டு. இல்லாதவர் எடுத்து மாட்டி, கேமராவுக்கு முகம் காட்டி, பெட்ரோல் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். சட்டத்துக்கும் மரியாதை, தலைக்கும் விடுதலை. பொதுவுடைமை இவ்வளவு ஒழுங்காக நடந்த இடம் மாவட்டத்தில் வேறு இல்லை.

"ஏம்மா, கழட்டிக் குடு. ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார் அடுத்து நின்ற பாண்டியராஜன்.

"தர மாட்டேன்."

அதோடு நிற்காமல், தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டினாள். அந்த வாரை யாரும் மாட்டி அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

வரிசையில் ஹாரன் சத்தம் எழுந்தது. மேனேஜர் ஹரிகிருஷ்ணன் எழுந்து வந்தார்.

"இது எல்லாருக்கும் பொதுவும்மா. நீ கொண்டு போயிட்டா மத்தவுக எப்படிப் பெட்ரோல் போடுவாக?"

"அவுகவுக தலைக்கு அவுகவுக வாங்கிக்கிருவாக."

"முப்பதுல போற மொபெட்டுக்கு ஹெல்மெட் ஒரு கேடா?" என்றார் பாண்டியராஜன். "ராக்கெட்டா ஓட்டப் போறே?"

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"முப்பதுல விழுந்தா தார் ரோடு மெத்தையா மாறிருமாண்ணே?"

"பொதுச் சொத்தைத் திருடிக்கிட்டு வாய் வேறயா? போலீஸைக் கூப்பிடுங்க சார்."

"கூப்பிடுங்க" என்றாள் தேவிகா. "நூறு தலைக்கு ஒரு ஹெல்மெட்டை வச்சுக் கேமராவை ஏமாத்துனேன், இப்ப அதைக் காணோம்னு எழுதிக் குடுங்க. நானும் கூட வாரேன்."

ஹரிகிருஷ்ணன், எடுத்த போனைச் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார்.

"பொதுச் சொத்துங்கிறீக. என் கழுத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு படிங்க." தலையைக் குனிந்தாள்.

ஹெல்மெட்டின் பின்விளிம்பில், பித்தளைப் பாத்திரத்தில் பேர் வெட்டியதைப் போலப் புள்ளி புள்ளியாக எழுத்துகள்.

"செ. முத்துக்கண்ணன்" என்று படித்தார் மேனேஜர்.

பேர் வெட்டாமல் ஒரு கரண்டியைக்கூடப் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்காத ஊர் இது. ஹெல்மெட்டில் வெட்டியதை மட்டும் யாரும் படித்ததில்லை. மாட்டியவருக்குப் பின்பக்கம் தெரியாது. பின்னால் நின்றவருக்கோ, அது எப்போது கழலும் என்பதிலேயே கண்.

"யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரரு. பாத்திரக் கடையில பேர் வெட்டுறவரு. போன மாசம், இந்த ஆணியில ஹெல்மெட்டு தொங்குறதுக்கு முந்தி, இதே வரிசையில பின்னால நின்ன ஒருத்தரு, 'ரெண்டு நிமிசம் குடுங்க'ன்னு கேட்டிருக்காரு. கழட்டிக் குடுத்துட்டு அந்தா, அங்குட்டு ஓரமா நின்னிருக்காரு. வாங்குனவரு அடுத்தவருக்குக் குடுக்க, அவரு அதுக்கு அடுத்தவருக்குக் குடுக்க, போனது போனதுதான். கடைக்கு நேரமாச்சேன்னு வெறுந்தலையாக் கிளம்பிட்டாரு. ஸ்டேசன் ரோட்டுத் திருப்பத்துல நாய் குறுக்க வந்திருச்சு."

ஹாரன் சத்தம் நின்றிருந்தது.

"இப்ப எப்படி இருக்காரு?"

"மதுரையில ஆஸ்பத்திரியில கிடக்காரு. மண்டையில தையல். பேச்சு வந்திருச்சு. வலது கைதான் இன்னும் எழும்பலை."

ஹரிகிருஷ்ணன் திரும்பி, ஆணியைப் பார்த்தார். ஒவ்வொரு ராத்திரியும் அதை எடுத்துப் பத்திரமாகப் பூட்டி வைத்தவர் அவர்தான்.

"அன்னைக்கு வாங்குனவன் யாரும்மா? எங்கிட்டுப் போயிருவான், இங்கனதான் பெட்ரோலுக்கு வரணும். பேரைச் சொல்லு."

"ஆமா, அந்த ஆளை விடக் கூடாது" என்று வரிசையிலிருந்து குரல்கள் வந்தன. பாண்டியராஜன் மட்டும் தன் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பேரு தெரியும். சொல்ல மாட்டேன்."

மொபெட்டைக் கிளப்பித் திருப்பினாள். யாரும் மறிக்கவில்லை. பாண்டியராஜன் பக்கத்தில் வந்ததும் காலை ஊன்றி நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒங்க மக சீர்ப் பாத்திரத்துக்கெல்லாம் அவருதாண்ணே பேர் வெட்டுனாரு. நாலு பேரு முன்னால ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னு, எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு."