துண்டுக்கடியில் ஒரு பேரம்

மணப்பாறைச் சந்தையின் மாட்டுத் தரகர் வீரமலை, சந்தையில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசுவதுபோலவே, விடிந்ததும் மனைவி அங்கம்மாவின் கைமேல் துண்டைப் போடுவார். அவள் ஈரலிலுள்ள புற்றுக்கட்டி கொழுப்பைத் தின்று வளர்வது. அதன் நொதி எத்தனை ஸ்பூன் எண்ணெய் கேட்கிறதோ, அத்தனை விரல்களை மடக்கிக் காட்டும், டாக்டர் அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்ட, நீலமாக ஒளிரும் கருவி வளையல். கேட்டதையெல்லாம் கொடுத்தால் கட்டி கொழுக்கும். அடியோடு பட்டினி போட்டால் அவளையே தின்னும். ஆகவே தினமும் பேரம். நேற்று மூன்று விரலை ஒன்றுக்கு இறக்கியிருந்தார்.

வளையல் அணைந்தால் கட்டி செத்ததென்று அர்த்தம் என்றிருந்தார் டாக்டர்.

இன்று பனி வாசல்வரை வந்து நின்றது. துண்டுக்கடியில் விரல்கள், தூங்கும் மீன்களைப் போல அசையாமல் கிடந்தன. வளையலில் நீல ஒளியும் இல்லை.

"என்ன புள்ள, பார்ட்டி வெலையே சொல்லல?"

"சந்தைய விட்டே போயிருச்சோ என்னமோ."

அப்போது ஒரு விரல் மெல்ல மடங்கி அவர் உள்ளங்கையை அழுத்தியது.

"ஐயோ, மறுபடி கேக்குதே!"

"அது இல்லீங்க, நான் கேக்குறேன். பொங்கலுக்கு நெய், ஒரு ஸ்பூனு."

தரகுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, வீரமலை, அவள் கேட்டதற்கு மேலே இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார்.