எரிந்தது எங்கள் சொத்து

நஷ்டத்தை மதிப்பிட அதிகாரி வந்ததும் சாய ஆலை முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எது எரிஞ்சுது?" என்றார் அதிகாரி, கரிகூடப் படாத சுவர்களைப் பார்த்தபடி.

"வாங்க, காட்டறேன்."

முதலாளி பின்கதவைத் திறந்தார். ஆறு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"ஆறா எரிஞ்சுது?"

"தண்ணி எங்கயாவது எரியுமா சார்? மேல மிதந்த எங்க எண்ணெயும் சாயமும்தான் எரிஞ்சுது. சொத்து எங்களோடது, நஷ்டமும் எங்களோடது."

"மத்த ஆலைக் கழிவும் கலந்திருக்குமே?"

"ஒரு சொட்டு கிடையாது. அத்தனையும் நாங்க விட்டதுதான்" என்று ரோஷத்தோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் முதலாளி. "இன்சூரன்ஸ் பணம் எப்ப சார் வரும்?"

அதிகாரி பேனாவை மூடினார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் ஆத்துக்கும், குடிக்கத் தண்ணியில்லாம தவிக்கிற ஊருக்கும் ஆன நஷ்டத்தைக் கணக்கெடுக்க வந்தவன்."